திங்கட்கிழமை வரை நின்ற பயிர்

எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகன் நான். அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று அப்பா ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலையின் பெயர் கிராம சேவக். சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்குப் போகும் சாலையை ஒட்டி ஏழு ஊர்களை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஒரு பழைய சைக்கிள், ஒரு தோல் பை, வெயிலுக்கு ஒரு குடை. இவ்வளவுதான் என் ஆபீஸ்.

அறுபதுகளின் பின்பாதி அது. ரேஷன் கடையில் அரிசி கேட்டால் கோதுமையைக் காட்டினார்கள். வாய்க்கால் தண்ணீர் பாயும் நிலத்தில் எல்லாம் ஒரு போகத்துக்குப் பதில் இரண்டு போகம் எடுத்தாக வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. நூற்றைந்து நாளில் அறுப்புக்கு வரும் புது ரக நெல்லை அரசாங்கமே கொடுத்தது. உரம் கொடுத்தது. பூச்சி மருந்தும், அதை அடிக்கத் தெளிப்பானும் கொடுத்தது. வாங்கிக்கொள்ள ஆள் பிடிப்பது என் வேலை.

"ரோட்டோரமா ஒரு நெலம் பாருய்யா. பெரிய அதிகாரிங்க வந்தா ஜீப்பை நிறுத்தி உடனே பாக்குற மாதிரி இருக்கணும்" என்றார் பிளாக் ஆபீசில் எனக்கு மேலே இருந்த அதிகாரி.

அப்படிப்பட்ட நிலம் ஒன்றுதான் இருந்தது. சாலையை ஒட்டி நாலு ஏக்கர். பக்கத்திலேயே வாய்க்கால் மதகு. அதன் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம் அம்மாள். கணவர் பினாங்கில் கடை வைத்திருந்தார்; மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது இந்த அம்மாள்தான், வீட்டை விட்டு வெளியே வராமலேயே. பண்ணையாள் ஒருவர் காலையும் மாலையும் வாசலில் நின்று வயலில் நடந்ததைச் சொல்வார். அந்த அம்மாள் கதவுக்கு உள்ளேயிருந்து கேள்வி கேட்பார். வாய்க்காலில் எத்தனை அடி தண்ணீர், எந்த வரப்பில் நண்டு வளை என்று அவருக்குத் தெரியாதது இல்லை.

நானும் அதே வாசலில் நின்றுதான் பேசினேன். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"எப்ப அறுப்பு தம்பி?"

"வைகாசிக் கடைசியில நாத்து விட்டா புரட்டாசி முடியறதுக்குள்ள அறுத்துடலாம்க்கா."

"ஐப்பசி மழையில மாட்டிக்காதே?"

"மாட்டாதுக்கா. அதுக்காகத்தான் இந்த ரகமே."

அந்த அம்மாள் பண்ணையாளைக் கூப்பிட்டு, "மேலண்டை மூலையில நாத்தங்காலுக்கு எடம் பண்ணு" என்றார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாட்டுப் பாடாத குறையாகத் திரும்பினேன்.

அந்த வருஷம் தண்ணீர் வரவில்லை. வைகாசி முடிந்தது, ஆனி பிறந்தது, வாய்க்கால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் அதற்குள் இறங்கி நடந்தார்கள். ஆனி கடைசியில்தான் மதகைத் திறந்தார்கள். நான் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். இப்போது விதைத்தால் ஐப்பசி நடுவில்தான் கதிர் முற்றும். நேராக பிளாக் ஆபீசுக்குப் போய், "இந்தத் தடவை விட்டுடலாம் சார், சம்பாவே போடட்டும்" என்று சொன்னேன்.

"யார் யார் போடுறாங்கன்னு லிஸ்ட் கடலூரு ஜில்லா ஆபீசுக்குப் போயாச்சு. இப்ப போயி இல்லைன்னு எழுதச் சொல்றியா?"

அன்று மாலை கதவு முன்னால் நின்று, கொஞ்சம் தாமதம்தான், பரவாயில்லை என்றேன். பண்ணையாள் என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் விதை ஊறப் போட்டார்கள்.

பயிர் வந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். அந்த மாதிரிப் பச்சையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கறுப்புக் கலந்த பச்சை. குட்டையாக, ஒரே மட்டமாக, கத்தரித்து வைத்ததுபோல நின்றது. பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் மருந்து அடித்த மறுநாள் வாய்க்கால் ஓரம் கெண்டையும் குரவையும் வயிறு மேலே தெரிய மிதந்தன. அதைப் பொறுக்கித் தின்ன வந்த கொக்குகளில் இரண்டு வரப்பிலேயே விழுந்து கிடந்தன. அதற்கப்புறம் அந்த நாலு ஏக்கரில் கொக்கு இறங்கவில்லை. சாயங்காலங்களில் பக்கத்து வயல்களில் தவளை கத்தும். இங்கே மட்டும் சத்தமே இருக்காது.

"பயிரு நல்லாத்தான் கீது. எனக்குத்தான் உள்ள எறங்க மனசு வரமாட்டேங்குது" என்றார் பண்ணையாள்.

புரட்டாசியில் வேறொரு ஊரில் பம்பு செட்டு வைத்து முன்னாலேயே நட்டிருந்த ஒருவர் இதே ரகத்தை அறுத்தார். பார்க்கப் போயிருந்தேன். நல்ல விளைச்சல். அதிகாரிக்குக் காட்டலாம் என்று ஒரு பிடி கதிர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வழியில் ஒரு தூறல், பை நனைந்தது. அறைக்கு வந்ததும் அதை ஆணியில் மாட்டிவிட்டு மறந்துபோனேன். மூன்றாம் நாள் கையை விட்டால், உள்ளே ஏதோ புழு நெளிகிறமாதிரி பட்டது. வெளியே எடுத்தேன். கதிரோடு கதிராக நெல் முளைத்திருந்தது. ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு முளை.

எங்கள் பக்கத்துச் சம்பா நெல் அப்படிச் செய்யாது. அறுத்துப் பல வாரம் ஓய்ந்து கிடந்தால்தான் அதற்கு முளைக்கத் தோன்றும். இந்த நெல்லுக்கு அந்த ஓய்வே கிடையாது. முற்றிய கதிரில் இரண்டு நாள் ஈரம் இருந்தால் போதும். கையில் அந்தக் கதிரை வைத்துக்கொண்டு சாலையோர நாலு ஏக்கரை நினைத்தேன்.

கடலூரில் அந்த வாரம் மாதாந்திரக் கூட்டம். கதிரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன். இடைவேளையில் தாழ்வாரத்தில் வைத்து அதிகாரியிடம் காட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

"பையில வச்சா எல்லா நெல்லும்தான் மொளைக்கும். மழைக்கு முன்னால அறுத்துடப் போறோம், அப்புறம் என்னா? இதைப் போயி ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாதே. அடுத்த வருஷம் ஒருத்தன் விதை வாங்க மாட்டான்."

கதிரைத் தாழ்வாரத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஊருக்குத் திரும்பியும் அந்தக் கதவுக்கு முன்னால் அதைச் சொல்லவில்லை. சொல்லப் போன நாட்கள் உண்டு. போய், உரத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

ஐப்பசி பிறந்தது. கதிர் பழுத்துத் தலை சாய்ந்தது. வியாழக்கிழமை அறுக்க ஆள் சொல்லியிருப்பதாகப் பண்ணையாள் சொன்னார். அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, பிளாக் ஆபீசிலிருந்து எனக்குச் செய்தி வந்தது: திங்கட்கிழமை கடலூரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், அவர் முன்னிலையில்தான் அறுவடை நடக்க வேண்டும், அதுவரை வயலில் ஒரு கதிரையும் தொடக்கூடாது.

கதவு முன்னால் போய் நின்றேன்.

"திங்கக்கெழமை வரைக்கும் பொறுத்துக்குங்கக்கா. நாலே நாளு."

"வானம் எப்படி இருக்கு தம்பி? நீங்க வெளியில நிக்கிறீங்க. எனக்கு இங்கேருந்து தெரியாது."

திரும்பிப் பார்த்தேன். கடல் பக்கம் அடிவானத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தது. காற்று நின்றுபோயிருந்தது. தும்பிகள் தரையை ஒட்டிப் பறந்தன.

"தெளிவாத்தான் இருக்குக்கா" என்றேன்.

பண்ணையாள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் வானத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அரசாங்கத்து ஆள் சொன்ன பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப சரி" என்றார் அந்த அம்மாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடவில்லை. திங்கட்கிழமை காலை நான் குடையோடு சாலையில் நின்றேன். சாமியானாவுக்கு நட்டிருந்த மூங்கில்கள் சாய்ந்து கிடந்தன. ஜீப் வரவில்லை. வராது என்று சொல்லவும் யாரும் வரவில்லை. பயிர் மொத்தமும் பாய் விரித்தாற்போல் தண்ணீரில் படுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மழை தூறலாக இறங்கியபோது வயலுக்குப் போனேன். தூரத்திலேயே தெரிந்தது. பழுத்துப் படுத்த மஞ்சளுக்கு மேல் இளம்பச்சையாக ஒரு படலம். நாற்றங்கால்மாதிரி. குனிந்து ஒரு கதிரைத் தூக்கினேன். பையில் நான் பார்த்ததேதான், நாலு ஏக்கர் முழுக்க.

வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது சாலையில் பெண்கள் வருவது தெரிந்தது. முன்னால் வந்தவர் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். நான் அவரை முழு உருவமாகப் பார்த்தது அன்றுதான். சிறிய உடம்பு. சாலையில் நின்ற ஆண்கள் தாங்களாகவே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. துப்பட்டியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பண்ணையாளின் மனைவி கையிலிருந்த அரிவாளை வாங்கி முதல் பிடியை அவரே அறுத்தார்.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். யாரும் என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இருட்டும்வரை அறுத்தோம். கட்டுகளைத் தலையில் தூக்கும்போது கதிரிலிருந்து வழிந்த தண்ணீர் கொழகொழவென்று கழுத்தில் இறங்கியது.

பள்ளிவாசலிலிருந்து பெரிய அண்டாக்களைக் கேட்டு வாங்கி அவர் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். முளைத்தது போக மீந்ததையாவது அவித்துக் காப்பாற்றலாம் என்று பார்த்தார்கள். காயவைக்க வெயில் இல்லை. கூடம், படுக்கிற அறை, பினாங்கிலிருந்து வந்த பெட்டிகள் அடுக்கிய அறை எல்லாவற்றிலும் நெல்லைப் பரப்பினார்கள். வாசலில் நின்றாலே புளித்த வாடை மூக்கில் ஏறியது. பாதிக்கு மேல் பூஞ்சணம் பூத்துப் போனது. மிஞ்சியதைக் குத்தி வடித்தால் சோறாக வரவில்லை. இனிப்பாகக் களிமாதிரி ஒட்டிக்கொண்டது. அறுத்த கூலியாகப் பண்ணையாள் வீட்டுக்குப் போனதும் அதே நெல்தான். தை வரைக்கும் அவர்கள் அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள்.

மழை விட்ட பிறகு போனேன். கதவு அதே மாதிரி பாதி திறந்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். இது கதிர்லயே மொளைக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. பண்ணையாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்க்கா."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. மைத்துனரை விட்டு மனு எழுதச் சொல்லிக் கடலூருக்கு அனுப்பினார். அங்கிருந்து விளக்கம் கேட்டு வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'உரிய காலத்தில் அறுவடை செய்யுமாறு அறிவுறுத்தப்பட்டும் விவசாயி தாமதித்துவிட்டார்.' என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கியவன் நான். அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீயைக் குடிக்கவில்லை. செய்ய முடிந்த எதிர்ப்பு அதுதான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மனுவுக்குப் பதில் வந்த நாளில் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார் அந்த அம்மாள். எனக்கு அண்ணாகிராமத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. மறுநாள் கிளம்ப வேண்டும். கதவிடுக்கு வழியாக ஒரு காகிதம் வந்தது.

"படிச்சுக் காட்டுங்க தம்பி."

படித்தேன். என் வாக்கியம் அப்படியே இருந்தது.

"இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் படித்தேன்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான்க்கா."

"நீங்க படிச்சவுங்க. உங்க வாயாலயே கேக்கணும்னு இருந்துச்சு. போயிட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விருந்தாளியை வழியனுப்புகிற குரலில் சொன்னார்.

அண்ணாகிராமம் பக்கம் பலாவும் முந்திரியும்தான். அங்கே மழையைப் பார்த்து யாரும் என்னிடம் வரவில்லை. ஆனாலும் ஐப்பசி வந்தால் பெரியவர்களின் கால் முட்டி வலிக்கிறமாதிரி எனக்கு உள்ளே ஏதோ பிடித்துக்கொள்ளும்.

மறுவருஷம் ஐப்பசி முதல் வாரம். பண்ருட்டியில் பஸ் ஏறி, ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். சிதம்பரம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அந்த நாலு ஏக்கர் வந்தது. அறுத்துப் பத்து நாளாவது ஆகியிருக்கும். தாளில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மதகுக்குப் பக்கத்தில் புதுக் கிணறு தெரிந்தது. வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திராமல் அந்த அம்மாள் வைகாசியிலேயே விதைத்துவிட்டார், அதே ரகத்தை, எந்த ஆபீசையும் கேட்காமல் என்று கண்டக்டர் சொன்னார்.

அதைத் தாண்டிச் சாலையின் இரண்டு பக்கமும் புது ரகம் பழுத்துக் கிடந்தது. அவர் வயலில் பயிர் வந்ததைப் பார்த்துத்தான் எல்லோரும் போட்டிருந்தார்கள், ஆனால் கிணறு இல்லாததால் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு. யாரும் இன்னும் அறுக்கவில்லை. நெல் பாரம் தாங்காமல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்து இறங்கியிருந்தது. கண்டக்டர் எழுந்து ஜன்னல் படுதாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட ஆரம்பித்தார்.