பிள்ளையாரை ஏசிப் பாடினேன்

பிள்ளையார் முகத்தைப் பார்க்கப் பயந்தவள் நான். சதுர்த்திக்கு விரதமிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் முன்னால் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் போனால், எனக்குக் கிடைத்ததை மறைத்ததாகிவிடும்.

என் வீட்டுக்காரர் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். ஒரு கார்த்திகை மாதம், விடிவதற்கு முன் கிளம்பியவரை நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே வளைவில் யானை அடித்துவிட்டது. நல்ல மூடுபனி. பக்கத்தில் நின்றதே அவருக்குத் தெரிந்திருக்காது என்றார்கள். அவர் என் பேரைச் சொல்லிக் கத்தியது வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. ஓடினேன். அங்கே பார்த்ததை இங்கே சொல்ல மாட்டேன்.

காரியம் முடிந்து விளக்கேற்றப் போனால், படத்தில் அதே தும்பிக்கை, அதே கொம்பு. கல்யாணமான நாள் முதல் நான் கும்பிட்ட முகம். விளக்கை ஏற்றவில்லை. படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அவரைக் காப்பாற்று என்று தினமும் இந்த முகத்திடம்தானே கேட்டேன்?

அதன்பிறகு வாசலைத் தாண்ட முடியவில்லை. லயத்தில் குடியிருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருத்தராவது எஸ்டேட் வேலைக்குப் போக வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் செல்வி ஒரு நாள் புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு, இனி கொழுந்து எடுக்க நானே போகிறேன் என்றாள். அவள் மலையேறக் கூடாது என்றுதான் அவள் அப்பா அப்படி உழைத்தார். செத்துப்போகலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா வந்தார். திரும்பியிருந்த படத்தையே பார்த்தார்.

"கும்பிட முடியலைன்னா விடு தாயி. ஏசணும்னா ஏசு. ஆனா மூஞ்சியப் பாத்து ஏசு. முதுகுக்குப் பின்னாடி ஏசுறது முறையில்லல்லா."

கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கும்மிப் பாட்டுக் கட்டுகிறவள் நான். என் வீட்டுக்காரர் போனபின் ஒரு வரிகூட வரவில்லை. அன்று படத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வந்தது.

முறம்போல ரெண்டு காது வச்சும்
மூடிக் கிடந்தீரோ பிள்ளையாரே?
வளைவுல அவர் கூப்பிட்ட சத்தம்
வாசல் வரைக்கும் கேட்டதய்யா.

பாடப் பாட அழுகை முட்டியது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். என் பயத்தை எடுத்துக்கொள், என் பிள்ளை படிக்கட்டும்.

மறுநாள் செல்விக்குப் பதிலாக நானே அக்காவோடு மலைக்குப் போனேன். பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. இலை அசைந்தாலும் உயிர் போய் வந்தது. முணுமுணுத்து ஏசிக்கொண்டே கொழுந்து எடுத்தேன். ஏசிப் பாடவும் சொல் வேண்டுமே, அதற்காகச் சுற்றிலும் பார்த்தேன். செடியில் சிலந்தி வலை நிறையப் பனித்துளி. எதிர் மேட்டில் மெல்ல இறங்கும் வெயில். நன்றாக இருந்தது. அவர் இல்லாமலும் இதெல்லாம் இப்படி நன்றாக இருக்கிறதே என்று ஆத்திரமும் வந்தது. அதையும் பாட்டில் வைத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, சூப்பர்வைசர் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்ச் சரிவில் யானைக் கூட்டம். நான் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஈரப் புல்லில் ஒரு குட்டி வழுக்கி, பின்பக்கத்தாலேயே சறுக்கிப் போய்த் தாயின் காலில் முட்டியது. தாய் தூக்கி நிறுத்தியது. அது மறுபடியும் மேலே ஏறி, வேண்டுமென்றே சறுக்கியது.

நான் சிரித்துவிட்டேன். அவர் போனபின் முதல் சிரிப்பு. சிரித்ததற்காக அங்கேயே அழுதேன். அவருக்குத் துரோகம் செய்துவிட்டது போலிருந்தது.

அக்கா தோளைப் பிடித்துக்கொண்டார். "அவன் இருந்திருந்தா அவனும் சிரிச்சிருப்பான் தாயி."

அன்று வீட்டுக்குப் போய், கண்ணைத் திறந்து அந்த முகத்தைப் பார்த்தேன். விளக்கேற்றினேன்.

செல்வி இப்போது நர்சிங் படிக்கிறாள். நான் பாட்டுக் கட்டுகிறேன், பாதி ஏச்சு, பாதி நன்றி. இருட்டினால் இன்றும் வெளியே போக மாட்டேன். கோபமும் முழுதாகத் தீரவில்லை. உங்களில் யாருக்காவது கை கூப்ப முடியவில்லையென்றால், கூப்ப வேண்டாம். ஏசிக்கொண்டேயாவது பிள்ளையார் முன்னால் வந்து நில்லுங்கள். நான் அப்படித்தான் வந்தேன். போ என்று அவர் சொல்லவில்லை.