ரோந்துப் படகின் எஞ்சின்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் ரூமில் பழைய படகு எஞ்சின் ஒன்று சந்தனப் பொட்டோடு, ஓய்வுபெற்ற தளபதியைப் போல நிற்கிறது. கொச்சியில் ஒரு வெள்ளைக்காரரின் உல்லாசப் படகில் இருந்தது. உலகப் போரில் கடற்படை அந்தப் படகை வாங்கி, பீரங்கி பொருத்தி ரோந்துக்கு விட்டதாம். போர் முடிந்து ஏலம் போட்டபோது, தோப்புக்காரர் பழனிச்சாமியின் தாத்தா எஞ்சினை மட்டும் எடுத்து வந்து கிணற்றில் மாட்டியிருக்கிறார்.

"அந்தப் படகு சண்டை ஏதாவது போட்டுச்சுங்களா?" என்கிறேன்.

"கடல்ல ஒரு எதிரியக்கூடப் பாக்கலீங்க," என்று இளநீரை நீட்டுகிறார் பழனிச்சாமி. "இங்க வந்துதான் பங்காளி கெணத்த வத்த வெச்சுப்போட்டுதுங்க. எஞ்சின் நின்னு முப்பது வருசமாச்சு, கேசு நிக்கலீங்க."

வேலியோரமாக ஒருவர் எங்களை முறைத்தபடி நடந்து போகிறார்.

"அவருதானுங்க பங்காளி. எஞ்சினப் போடறமான்னு பாக்கத் தெனமும் நாலு சுத்து வருவாருங்க. படகுகூட இத்தன ரோந்து போயிருக்காதுங்க."