மாத்திரைக் கூடு

திருப்பதியில் ஒரு பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் வெங்கடராகவனுக்கு வேலை. பல வருடங்களாக மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சமைக்கிறார். பெருமாள் அமுது செய்வதற்கு முன் சமைத்தவன் ருசி பார்க்கக் கூடாது. வாசனையும் பிடிக்கக் கூடாது.

அவர் மனைவி மரகதவல்லி சித்தூரில் பி.காம். படித்தவள். அங்கே ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதும் திருப்பதியில் இந்த வாடகை மாடிக்கு வந்தாள். இரண்டு அறை, சமையலுக்கு ஒரு தளிகை உள். ஒரே பெண் கோதா பெங்களூரில் இருந்தாள். மரகதவல்லிக்கு அடிக்கடி மூச்சு இழுக்கும். அதற்கான இன்ஹேலர் தளிகை உள்ளுக்கு வெளியே ஒரு ஆணியில் தொங்கும். உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை.

மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த டாக்டர் இன்ஃப்ளூயன்ஸா என்றார். சர்க்கரை இருப்பதால் மாத்திரையை இன்றே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் பலன் குறையும். வேளைக்கு ஒன்றாகக் காலையும் இரவும் ஐந்து நாள். மூச்சு இழுக்கிறவள் என்பதால் அவளுக்கும் எழுதினார், வராமல் தடுக்க. தினம் ஒன்று, பத்து நாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அட்டையைத் தள்ளிவைத்தார்.

"இந்த மாத்திரையோட கூடு எதுல பண்றா தெரியுமோ? மாட்டெலும்புல. நம்ம வாட்ஸ்அப் குரூப்புலயே போட்டிருந்தாளே."

"மருந்துதானே ஏன்னா."

"நாளைக்குப் பெருமாளுக்குத் தளிகை பண்ற கை இது."

"கூட்டை எடுத்துட்டுப் பொடியை மட்டும் தரட்டுமா?"

"எச்சல் தட்டுல இருந்ததை வேற தட்டுல கொட்டினா எச்சல் போயிடுமோ?"

அவர் தம்பி போனது இதே காய்ச்சலில்தான். நெஞ்சில் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். இவரும் இப்போது அதே மாதிரி இருமினார்.

மருந்துக்கடை மணிவேலுக்குப் போன் செய்தாள். நகரி ஊர்க்காரன், பழகியவன்.

"இன்னாம்மா, சாமி துன்ன மாட்டேன்றாரா?"

"கூடு ஆகாதாம்."

"அய்யருங்க வூட்ல இதே ரோதன. பிரிச்சி வெல்லத் தண்ணில கலந்து குடும்மா, ஒண்ணும் ஆவாது. கொயந்தைங்களுக்கு அப்படித்தான் குடுக்கறது. ஆனா கசப்பு, நாக்கைப் புடுங்கிடும். நீ யோசிச்சிக்கினே இருக்காத, மொத நாளு போனா போச்சி."

கசப்பு என்றதும் அவளுக்கு நிலவேம்புக் கஷாயம் ஞாபகம் வந்தது.

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டைப் பிரித்தாள். பொடி கஷாயத்தில் போயிற்று, கூடவே வெல்லம். கூட்டை எங்கே போடுவது? குப்பை கீழே போனால் வீட்டுக்காரி தாட்சாயணி குச்சியால் கிளறிப் பார்ப்பாள். ஒரு பழைய டம்ளரில் வெந்நீர் விட்டு அதில் போட்டாள். கொழகொழவென்று கரைந்தது. சாக்கடையில் ஊற்றினாள்.

"நிலவேம்பு ரொம்ப உக்ரமா இருக்கே," என்றார்.

"புதுச் சரக்கு."

"நல்லது. கசந்தாத்தான் மருந்து."

தன்னுடையதை அவள் அங்கேயே நின்று விழுங்கினாள். பிரிக்கவில்லை. அதற்கும் சேர்த்துப் பொறுமை மிச்சமில்லை. கண்ணாடியில் பார்த்தாள். முகம் முன்பு இருந்தது போலவே இருந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

"பாத்தியோ? மாட்டெலும்பு இல்லாமலே."

"ஆமா," என்றாள்.

கஷாயம் முடிந்த மறுநாள் குளிக்கப் போனவர் டம்ளரோடு வெளியே வந்தார். பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்ப்பது அவர் கைக்குப் பழக்கம். அடியில் பாதி கரையாத கூடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் எழுத்துகூட அழியவில்லை.

டம்ளரை அவள் முன்னால் நீட்டினார்.

"அத்தனை வேளையுமா?"

"அத்தனை வேளையும்."

"சரி. பூணூல் மாத்திண்டு பஞ்சகவ்யம் சாப்ட்டா எனக்கு ஆச்சு. வெளில மூச்சு விடாதே." பிறகு கேட்டார். "உன்னோடதையும் பிரிச்சுதானே சாப்ட்டே?"

பொய் நாக்கு வரைக்கும் வந்தது.

"முழுங்கினேன்."

"கூட்டோடயா?"

"கூட்டோட."

"நிறுத்திடு."

"நடுவுல நிறுத்தப்படாதுன்னு டாக்டர் சொன்னார். எனக்கு இழுத்துண்டா யார் பாக்கறது, பெருமாளா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்காவது பூணூல் இருக்கு, மாத்திக்கலாம். உனக்கு என்ன இருக்கு? முடியற வரைக்கும் தளிகை உள் பக்கம் வராதே. கடைசி மாத்திரை ஆனதும் தலைக்குத் தீர்த்தமாடிட்டு வா."

படுக்கிற அறை அவளுக்கென்று ஆனது. அதை ஒட்டியே குளியலறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மாடிப்படியில் அவர் தாட்சாயணியிடம் சொல்வது கேட்டது.

"அவளுக்கும் வந்துடுத்து, பாவம். யாரும் மேல வர வேண்டாம்."

"அய்யோ, உங்களுக்கு வந்தது அப்படியே அவங்களுக்கு மாத்திட்டீங்களா?" என்று தாட்சாயணி சிரித்தாள்.

காய்ச்சல்காரர் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். காய்ச்சல் இல்லாதவள் அறைக்குள் இருந்தாள். போகும்போது யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்று மாடிக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார். கோதாவிடம் போனில் இருமிக் காட்ட வேண்டியிருந்தது. முதலில் வரவில்லை, பிறகு நன்றாகவே வந்தது.

மத்தியானம் வந்து அவரே சமைத்தார். வீட்டில் அவர் அடுப்புப் பக்கம் வந்ததே கிடையாது. அறை வாசலில் தட்டை வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். சாதம், ரசமாகச் சாத்தமுது, பொரியலாக ஒரு கறியமுது.

"உப்பு சரியா இருக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தன் சமையலைப் பற்றி அவர் யாரிடமும் இதைக் கேட்டிருக்க வழியில்லை. பெருமாள் சொல்வதில்லை.

"கொஞ்சம் தூக்கல்."

மறுநாள் குறைத்துப் போட்டிருந்தார். அதற்கு மறுநாள் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நின்றார். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். சூடாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சூடாகச் சாப்பிட்ட நினைவு அவளுக்கு இல்லை. பூட்டு விழும் சத்தம் மட்டும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் விழுந்தது.

ஒருநாள் தட்டை வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"மாத்திரை முடிஞ்சுதோ? நாளைக்கு நீ உள்ள வந்துடலாமே."

அட்டை தலையணைக்கடியில் இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எல்லாக் குழியும் கிழிந்திருந்தது.

தளிகை உள்ளின் கதவு இங்கிருந்தே தெரிந்தது. அதன் பக்கத்தில் ஆணி, ஆணியில் இன்ஹேலர்.

"இன்னும் இருக்கு," என்றாள்.