ரெபோங் வெட்டப் போகாத மூன்று காலைகள்

மூங்கில் குருத்து வேகும்போது வருமே ஒரு வாடை... அதை வாசனை என்று சொல்ல எனக்கு மனசு வராது. மாட்டுக் கொட்டகை பக்கத்தில் அடுப்பு மூட்டின மாதிரி இருக்கும். ஆனால் அந்த வாடைதான் ஒரு காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டது.

மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரங்களைச் சாய்த்தார்கள். ஆற்றோர மூங்கில் புதர்களை மட்டும் யாரும் தொடவில்லை. பால் வெட்டிக்கொண்டிருந்த நானும் என் வீட்டுக்காரரும் ரெபோங், அதுதான் அந்த மூங்கில் குருத்து, வெட்ட ஆரம்பித்தோம்.

மண்ணைக் கீறிக்கொண்டு முனை தெரியும்போதே வெட்டிவிட வேண்டும். தோல் உரித்து, நறுக்கி, இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்தால்தான் கசப்பு போகும். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான் வாடிக்கையாக வாங்குவார். அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

அவருடைய மகள் கல்யாணம் வந்தது. "சனிக்கெழம காலைல ரெண்டு பெரிய வாளி வேணும் தங்கச்சி. ஒன்னைய நம்பித்தான் இருக்கேன்" என்றார்.

புதன்கிழமை விடியற்காலையில் தகரக் கூரையில் சடசடவென்று மழை. நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மழ வந்துருச்சு... இன்னிக்கு வேல இல்ல லா, படு" என்றார் வீட்டுக்காரர்.

நானும் படுத்தேன்! மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். வியாழனும் மழை, வெள்ளியும் மழை. மூன்று நாளும் போர்வையை இழுத்துக்கொண்டு சுகமாகத் தூங்கினோம்.

வெள்ளி மத்தியானம் வெயில் வந்ததும் போய்ப் பார்த்தால்... மழையில் குருத்தெல்லாம் இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கிறது. கத்தி இறங்கவில்லை. நுனியை நறுக்கியதில் ஒரு சட்டி கூட நிறையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். பாய் முகம் சிவந்துவிட்டது.

"மழ பேஞ்சாத்தானே ரெபோங் மொளைக்கும்? அன்னிக்குப் போயி தூங்குவீங்களா?"

"பழக்கம் லா பாய்... மழன்னாலே படுத்துருவோம்."

 பாய் பெருமூச்சு விட்டார். "சரி, கத்திரிக்கா போட்டுக்கிறேன். திங்கக்கெழம கொண்டா. மழ பேஞ்சாலும் வரணும், ஆமா!"

அதற்கப்புறம் மழை என்றாலே கத்தியோடு கிளம்பிவிடுவோம்.

இப்போது எங்களுக்கு ஈப்போவில் அடுக்குமாடி வீடு. வீட்டுக்காரருக்கு செக்யூரிட்டி வேலை, இரவு ஷிஃப்ட். நான் கிளவ் ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட். மழை பெய்தாலும் ஃபேக்டரி பஸ் வந்துவிடும்.

அன்று பாய் முன்னால் வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்... அந்த மூன்று காலைக்குப் பிறகு, மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூங்கியதே இல்லை.