கார்டில் சேராத வயிற்றுவலி

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் முதலில் ஆம்புலன்சைக் கூப்பிட மாட்டோம். என் நாத்தனாரைக் கூப்பிடுவோம். என் கணவரின் அக்கா அவர். காப்புறுதி ஏஜெண்டு. பாலோ பக்கம் தோட்டத்திலிருந்து கிளம்பி ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் என்று சிதறிப்போன மொத்தச் சொந்தத்துக்கும் மெடிக்கல் கார்டு போட்டுக் கொடுத்தவர். கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் இரண்டு பேரை மடக்கிவிடுவார். எழவு வீட்டில்கூட அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “பாத்தீங்களா, ஒரு கார்டு இருந்திருந்தா கவர்மெண்டு ஆஸ்பத்திரி வரிசையில இப்படிக் காத்துக் கெடந்திருக்க வேணாம்லா” என்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமென்றால், செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று காப்புறுதி நிறுவனம் ஓர் உறுதிக் கடிதம் அனுப்ப வேண்டும். அது வரும்வரை கட்டில் கிடைக்காது. அக்கா கவுண்டரில் போய் நின்றால் அது சீக்கிரம் வரும். எங்களுக்கு எல்லாம் அந்தக் கட்டிலுக்கான சாவி அக்காதான்.

அப்படிப்பட்டவரிடம்தான் நானும் என் கணவரும் மறைத்தோம்.

கல்யாணமாகி வருஷங்கள் போய், விசேஷம் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு எல்லாம் சிரித்துச் சிரித்து என் வாய் வலித்த பிறகு, டவுனில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போக ஆரம்பித்தோம். கார்டு போட்டுக் கொடுத்த அன்றைக்கே அக்கா எங்களிடம் சொல்லியிருந்தார்: “புள்ள சம்பந்தப்பட்டது எதுவும் இதுல வராதும்மா. பிரசவம் வராது, புள்ளைக்காகப் பாக்குற வைத்தியம் வராது, அந்த வைத்தியத்தால ஏதாச்சும் ஆனாலும் வராது.” அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் என் கணவருக்கு அவர் வேலை செய்யும் ஃபேக்டரியில் ஒரு நண்பன் உண்டு. கேன்டீனில் உட்கார்ந்து உலகத்துக்கே சட்டம் சொல்கிறவன். இந்த வைத்தியம் பார்ப்பது தெரிந்தால் நிறுவனம் கார்டையே ரத்து செய்துவிடும் என்று அவன் சொன்னான். இவர் நம்பிவிட்டார். அக்காவுக்குத் தெரிந்தால் நிறுவனத்துக்குத் தெரிந்த மாதிரி. அதுவும் போக, அக்காவுக்குத் தெரிந்தால் ஜொகூர் முழுக்கத் தெரிந்த மாதிரி. கரு தங்கிக் கொஞ்ச மாதம் ஆகும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண் பட்டுவிடும். நாங்கள் கரு தங்குவதற்கு முன்பே வாயை மூடிக்கொண்டோம்.

பெர்மாஸ் ஜெயாவில் வீடு வாங்கச் சேர்த்த முன்பணம் முழுவதும் அந்த மையத்துக்குப் போனது. வயிற்றில் நானே ஊசி குத்திக்கொண்டேன். நிறைய முட்டை கிடைத்தது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். கடைசியில் தேறிய கரு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை எனக்குள் வைத்து அனுப்பினார்கள். இன்னொரு முறை செய்யக் கையில் எதுவும் இல்லை. எனக்கும் வயது நின்று காத்திருக்கப் போவதில்லை. அந்த ஒன்றுதான்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். சொந்தக்காரர்களுக்கு முதுகு வலி என்று சொல்லி வைத்தோம். அதுதான் வினை. அக்கா தினமும் ஃபோன் செய்தார். “முதுகு வலின்னா சும்மா படுத்திருந்தா ஆச்சா? எம்ஆர்ஐ எடுத்துடலாம் வா. கார்டு எதுக்கு இருக்கு, பூசை போடவா?” என்றார். “தைலம் தேச்சா கேக்குதுக்கா” என்றேன். “தைலக்காரன் உனக்குப் பணம் குடுக்குறானா?” என்று திட்டினார். ஃபோனை வைத்துவிட்டு நானும் என் கணவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பெல்லாம் சீனப் பெருநாள் வரைக்கும்தான்.

பெருநாளன்று காலையில் என் பாவாடை நாடாவைக் கட்ட முடியவில்லை. முதலில் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். குடித்ததை வாந்தி எடுத்தேன். மதியத்துக்குள் வயிறு பானையாக இறுகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தாலும் முட்டியது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக, கறுத்த தேநீர் நிறத்தில் வந்தது. மையத்துக்கு ஃபோன் செய்தோம். பெருநாள் விடுமுறை என்று ஒரு பதிவுக் குரல் சீன மொழியில் வாழ்த்துச் சொன்னது. அவசர எண்ணை யாரும் எடுக்கவில்லை. என் கணவர் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், அக்காவைக் கூப்பிட்டார்.

நாங்கள் ஆஸ்பத்திரியை அடைவதற்கு முன்பே அக்கா அங்கே நின்றார். வாடிக்கையாளர் வீடுகளுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்லப் போனவர், சிவப்புப் புடவையோடும் ஒரு பை கமலா ஆரஞ்சோடும் அப்படியே வந்திருந்தார். என்னைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும், “அலமாக்! என்னடா தம்பி இது, முதுகு வலின்ன?” என்று அலறினார். “வயித்து வலிக்கா. திடீர்னு” என்றார் என் கணவர். பிறகு என் பக்கம் குனிந்து காதோடு, “அத மட்டும் சொல்லாத. கடிதம் வரட்டும், வார்டுக்குப் போனப்புறம் டாக்டர்கிட்ட தனியா சொல்லிக்கலாம்” என்றார். எனக்குப் பேச மூச்சு இல்லை. தலையாட்டினேன்.

அக்கா கவுண்டருக்குப் போனார். வயிற்று வலி, வாந்தி, கேஸ்ட்ரிக் தொந்தரவு ஏற்கெனவே கிடையாது, எல்லாம் சரளமான மலாயில். உள்ளே அவசரப் பிரிவில் ஓர் இளம் மலாய் டாக்டர் அம்மா என் வயிற்றில் சின்ன ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வயிற்றுக்குள் நிறையத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, உடனே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். “புவான், மெங்கான்டோங் கா?” என்று கேட்டார். கர்ப்பமா என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார். “இல்லை டாக்டர், இவங்களுக்குக் குழந்தை இல்லை.” அதைச் சொல்லும்போது என் தலையைத் தடவிக் கொடுத்தார். என் மனம் நொந்துவிடக் கூடாது என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

எதற்கும் சிறுநீர் பார்த்துவிடலாம் என்று நர்ஸ் ஒரு சின்னக் கப்பைக் கொடுத்தாள். கழிவறையில் போய் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. வெளியே வந்து சொன்னேன். பரவாயில்லை, அவர்கள்தான் இல்லை என்கிறார்களே என்று டாக்டர் சொன்னார். என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் கணவர் தரையைப் பார்த்தபடி கூடவே வந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்ததில்லை. எழுந்து அறைந்திருப்பேன், எழ முடியவில்லை.

அந்த நடைபாதையில் எனக்கு மூன்று பயம். சொன்னால் கடிதம் வராது. கார்டு போய்விடும். கட்டக் காசில்லாமல் இந்த வயிற்றோடு வெளியே தள்ளிவிடுவார்கள் என்றே நம்பினேன். சொல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அளவில் எனக்குள் ஒன்று ஒட்டியிருக்கிறதோ இல்லையோ, அதன் மேல் கதிரைப் பாய்ச்சிவிடுவார்கள். நானே செத்துப்போவேனோ என்ற பயம் வேறு.

எக்ஸ்ரே எச்சரிக்கைப் பலகை மாட்டிய கதவு திறந்தது. உள்ளேயிருந்து குளிர் வந்தது. நான் சக்கர நாற்காலியின் சக்கரத்தைக் கையால் பிடித்துவிட்டேன். விரல் நசுங்கியது. “ஜாங்கான்!” என்று கத்தினேன். வேண்டாம் என்று. பிறகு மலாய் வரவில்லை, தமிழ்தான் வந்தது. “அக்கா, எனக்கு உள்ள கரு வச்சிருக்காங்க. டெஸ்ட் டியூப் வைத்தியம். அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்கு மூச்சு முட்டுது, நீங்க சொல்லுங்க!”

அக்கா சிலைபோல நின்றார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் நிற்கவே இல்லை. நாற்காலியைப் பிடுங்கிப் பின்னால் இழுத்து, கதவை ஒரு கையால் மறித்து, டாக்டரைக் கூப்பிட்டு நான் சொன்னதை மலாயில் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. டாக்டர் அம்மா ஓடி வந்தார். எந்த ஊசி, எப்போது வைத்தார்கள் என்று கேட்டார். முட்டைப் பைகள் மருந்துக்கு அளவு மீறி வீங்கித் தண்ணீர் கசிகிறது, இதற்குச் சிடி வேண்டாம், வேறு வைத்தியம் என்றார். என்னை மறுபடி உள்ளே தள்ளிப்போய் கையில் டிரிப் போட்டு, ரத்தம் எடுத்தார்கள்.

அதன் பிறகுதான் அக்கா தம்பியைப் பிடித்தார். “என் வாயால புள்ள இல்லன்னு சொல்ல வச்சிட்டியேடா! அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?”

“கார்டு ரத்தாயிடும்னு சொன்னாங்கக்கா.”

“எவன் சொன்னான்? இந்த வைத்தியத்துக்குத்தான் குடுக்க மாட்டாங்க. கார்டு அப்படியேதான் இருக்கும். என்னைய ஒரு வார்த்தை கேட்டியாடா நீ? ஊருக்கெல்லாம் நான் சொல்றேன், என் வீட்டுல எவனோ சொன்னத நம்புறானுங்க!”

என் கணவர் அழுதார். அக்கா அவரைத் தேற்றவில்லை. கவுண்டருக்குப் போய், கடிதம் கேட்டு அனுப்பியதைத் தானே திரும்பப் பெற்றார். விவரம் தவறாகச் சொல்லிவிட்டோம், இது கார்டில் சேராது, முன்பணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்றார். யார் பணம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பணம் இல்லை என்று தெரியும்.

வெளியே வெளிச்சம் இருக்கும்போதே ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மகப்பேறு பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவர் பெருநாள் விருந்திலிருந்து நேராக வந்திருந்தார். என் கால்மாட்டில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார். கரு ஒட்டியிருக்கிறது. அது ஒட்டியதால்தான் இந்த வீக்கம் இவ்வளவு கூடியிருக்கிறது. இன்னும் கூடலாம். நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் வரலாம், ரத்தம் உறையலாம், சில வாரங்கள் கவனமாக இருக்க வேண்டும். கரு நிற்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

என் கணவர் என் காலைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள் நான். கேட்டதும் துள்ளிக் குதிப்பேன், அழுவேன் என்றெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இதுவரை இருக்கிறதோ இல்லையோ என்று இருந்தது. இப்போது இருக்கிறது. இனி அதற்கு எதுவும் ஆகலாம்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நான் கீழ கவுண்டருக்குப் போயி மீதி வேலைய பாத்துட்டு வர்றேன்” என்று எழுந்தார். டிரிப் குத்தாத கையால் அவர் புடவையைப் பிடித்தேன். “போகாதீங்கக்கா” என்றேன். “பயமா இருக்கு.”

“எனக்கும்தான்மா” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.