சேலம் ஜில்லா, பழனிசாமி, சௌக்கியம்

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து என் தங்கை செல்லம்மாளுக்குப் புருஷனிடமிருந்து கடிதம் இல்லை. மச்சான் பழனிசாமி மலேயாவில் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டப் போனவர். ஒரு வருஷம் பொறுத்த மாமனார், வருகிற அமாவாசைக்குக் கருமாதி செய்துவிடலாம் என்று நாள் குறித்துவிட்டார். செய்தால் இவள் தாலியும் போகும். மோகனூரில் ஒரு வெல்ல வியாபாரி வீட்டில் ஜப்பான் ரேடியோ கேட்கிறதாம், மலேயாவில் இருக்கும் நம்மவர் பெயர்களைத் தமிழில் வாசிக்கிறார்களாம். "அதைக் கேட்காம நான் தாலியக் கழட்ட மாட்டேனுங்ணா" என்றாள். மாசி மாதத்தில் கிளம்பினோம். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். வியாபாரியின் பெயரைக் கேட்காதீர்கள். எதிரி ரேடியோவைக் கூட்டம் சேர்த்துக் கேட்டால் ஜெயில்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் காலை ஆறரைக்குக் கரி பஸ். பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரி போட்டு ஓட்டுகிறார்கள். நாமக்கல் முப்பத்திரண்டு மைல், ஆளுக்குப் பன்னிரண்டு அணா. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், அதற்காகக் கட்டணத்தில் தள்ளுபடி கிடையாது. வழியெல்லாம் சுவரில் சர்க்கார் போஸ்டர். பெரிய காது ஒன்று, கீழே 'எதிரியின் பேச்சைக் கேளாதே'.

டிரைவர் அதைக் காட்டிச் சிரித்தார். "ஏனுங்க, இதை ஒட்டுனதுக்கப்புறந்தானுங்க அப்பிடியொரு ரேடியோ இருக்கறதே எங்களுக்குத் தெரியும்!"

நாமக்கல்லிலிருந்து மோகனூருக்குப் பதினோரு மைல், மாட்டு வண்டி. செல்லம்மாள் வழியில் எதையும் சாப்பிடவில்லை.

விளக்கு வைத்த பிறகு கதவைச் சாத்தி ரேடியோவைத் திருப்பினார்கள். அறை நிறைய ஆட்கள். முதலில் பெயர் வரவில்லை, பேச்சு வந்தது. என்ன இனிப்பான தமிழ்! ஜப்பான் அண்ணன், நாமெல்லாம் தம்பிகள். மலேயாவில் பசி என்ற சொல்லே இல்லை. சக்கரவர்த்தியின் ஆட்சியில் ஒருவர்கூடக் குறை சொல்வதில்லை. நான் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. ஒரு முழம் துணிக்கு நாலு குறை கேட்கிறவன். ஒருவருமே குறை சொல்லாத ஊர் என்றால், சொன்னவன் என்ன ஆனான் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் அறையில் ஒருவரும் அசையவில்லை. எந்த நிமிஷமும் தன் வீட்டுப் பெயர் வரலாம் அல்லவா? சுவர் போஸ்டர் என்றால் தாண்டிப் போய்விடலாம். இந்த ரேடியோக்காரன் பெயர்களைப் புழுவாகக் குத்தித் தூண்டில் போடுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் பெயர்கள் வந்தன. "சேலம் ஜில்லா, பழனிசாமி, சௌக்கியம்."

அவ்வளவுதான். ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. எங்கள் ஜில்லாவில் சந்தையில் நின்று பழனிசாமி என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பும். அந்த அறையிலேயே மூன்று பழனிசாமிகளுக்கு ஆள் இருந்தது. பரமத்தியிலிருந்து வந்த ஓர் அம்மாள், "எம்பட பையந்தான் சாமி!" என்று கதறினார். "எங்க தம்பியாக்கூட இருக்கலாமுங்க" என்று எழுந்தார் ஒருவர். பேச்சு தடித்தது. பரமத்தி அம்மாள் செல்லம்மாளின் கையைப் பிடித்து, "உனக்கும் பழனிசாமியா கண்ணு?" என்றார்.

"ஆமாங்காத்தா. இது உங்க பையனாவே இருக்கட்டுமுங்க" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"இல்லீங்ணா. ஒரு பேரைச் சொல்லிப்போட்டு ஜில்லாவையே காதத் தீட்ட வெக்கறானுங்க. உங்க மச்சானா இருந்தா ஊர் பேரச் சொல்லாம உடுவாங்களா?"

"மாமனாரிடம் என்ன சொல்வாய்?"

"பேரு வந்துச்சு, சௌக்கியம்னு சொல்லுவேன்."

"பொய்யாயிற்றே, அம்மா."

"செத்துட்டாங்கன்னும் எவனும் வந்து சொல்லலீங்களே? ஊருக்கெல்லாம் புளுகற ரேடியோ, எனக்காக ஒருக்கா புளுகட்டுமுங்ணா."

மறுபடி மேட்டில் பஸ் நின்றது. அவளும் இறங்கித் தள்ளினாள்.

போகிறவர்களுக்கு: வெள்ளைச் சட்டை வேண்டாம், கரி அப்பிக்கொள்ளும். கட்டுச்சோறு அவசியம். ஊரும் தகப்பன் பெயரும் சேர்ந்து வந்தால் மட்டும் நம்புங்கள். பேச்சு எவ்வளவு இனித்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். என் தங்கையின் மாமனார் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆளில்லை என்ற தைரியத்தில் இன்னும் ஒன்று சொல்கிறேன். கருமாதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வாசலில் நின்று, கண் இமைக்காமல், "உங்க மகன் பேரு வந்துச்சுங்க மாமா, சௌக்கியமா இருக்கறாங்க" என்று அவள் சொன்னபோது, கூடவே உட்கார்ந்து கேட்ட நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.