பதினான்கு பேர் சொன்ன ஒரே பதில்

தமயந்தி மேடம் தன் வகுப்பறைக்குள் போகும் முன் கதவைத் தட்டுவார். உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் இரண்டு தட்டு. காக்ஸ் டவுனில் இருந்த அந்தப் பயிற்சி மையத்தைப் பெருக்கி, டீ போட்டுக் கொடுத்த ஒன்பது வருஷமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய பழக்கங்களை அவர் சொல்லிக்கொடுத்தார். நிமிர்ந்து உட்காருவது, போனில் பேசுவது, கோபத்தோடு வரும் ஆளிடம் குரலை உயர்த்தாமல் பதில் சொல்வது. படிக்க வந்தவர்கள் பியூசி, அதாவது பன்னிரண்டாவது, முடித்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்.

போன வருஷம், மையத்தை நடத்திய டிரஸ்டிலிருந்து கடிதம் வந்தது. மார்ச்சுக்குள் பாதிப் பேருக்காவது வேலை கிடைக்காவிட்டால் மையத்தை மூடிவிடுவார்கள். அப்போது இருந்தது பதினான்கு பேர். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி அவர்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது.

மேடம் பயந்துவிட்டார். அதுவரை செய்யாததைச் செய்தார். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் எட்டு வரியாகப் போர்டில் எழுதினார். அதை மட்டும் அழிக்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கட்டுரையைப் போல பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். தடுமாறாமல் பேசுகிறார்களே என்று மேடத்துக்கு நிம்மதி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பதினான்கு வாயிலும் ஒரே சத்தம் வருவது மட்டும் தெரிந்தது. எட்டாவதோடு நின்றவள் இதில் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்டர்வியூ முடிந்து அன்று சாயங்காலமே எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

"நாலாவது ஆளுக்கே அந்த சார் பேனாவ கீழ வெச்சிட்டாராம் மேடம்" என்றான் உத்தமன். "நான் ஒன்பதாவது. உள்ள போனதும், 'நீ உக்காருப்பா, உன்னப் பத்தி நானே சொல்றேன்'னு எட்டு வரியையும் ஒப்பிச்சாரு."

"உன்னவிட நல்லா சொல்லியிருப்பாரு" என்றாள் ஸ்னேஹா. சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

வேலை கிடைத்தது ரூபினிக்கு மட்டும். தப்புச் செய்தவளைப் போல நின்றாள்.

"எனக்கு ரெண்டாவது வரியே மறந்துடுச்சு மேடம். சித்தியோட ரீசார்ஜ் கடையில கன்னடம், உருது, தமிழ்னு சண்டைக்கு வர்றவங்கள எல்லாம் நாந்தான் சமாளிப்பேன்னு ஏதோ ஒளறிட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

பிள்ளைகள் போன பிறகு மேடம் என்னைப் பார்த்தார்.

"சரளாக்கா, நீங்க தெனமும் கேட்டுட்டுதான இருந்தீங்க. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சும்மா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

மறுநாள் மேடமே போர்டை அழித்தார். "தப்பு என்னோடது" என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதன்பின் தினமும் ஒவ்வொருவரும் வீட்டிலோ தெருவிலோ தான் செய்த ஒரு காரியத்தைத் தன் பேச்சிலேயே சொல்ல வேண்டும் என்றார். தண்ணீர் லாரி வரிசையில் சண்டை தீர்த்ததை ஒருத்தி சொன்னாள். உத்தமன் கடைசிவரை திக்கினான். மார்ச்சுக்குள் இன்னும் ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது. மொத்தம் ஆறு. ஒன்று குறைந்தது. டிரஸ்ட் மையத்தை மூடியது.

அந்த இடத்தில் இப்போது கூரியர் ஆபீஸ் இருக்கிறது. அதை நான்தான் பெருக்குகிறேன். மேடம் அத்திபெலேயில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். உத்தமனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.